ஜீவன் பாரதியா, பாலிகா கேந்திராவா?

டில்லியின் இந்த இரண்டு அலுவலகக் கட்டிடங்களில் எது நன்றாக இருக்கிறது? ஊரிலிருந்து டில்லிக்கு வரும் உறவினர்களிடம், "மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.க்கு இங்கேயும் ஒரு தம்பி உண்டு" என்று கன்னாட் பிளேஸ் ஜீவன் பாரதியைக் காட்டுவேன். சார்லஸ் கொரியா வடிவமைத்து, 1986-ல் முடிந்தது. இரண்டு பகுதிகள், மேலே அவற்றை இணைக்கும் 98 மீட்டர் கம்பிச் சட்டகப் பந்தல். கன்னாட் பிளேஸின் பழைய தூண்வரிசைக்கும் புதிய கோபுரங்களுக்கும் நடுவே நிற்பதால் ஒரு பக்கம் சிவப்புக் கல், இன்னொரு பக்கம் கண்ணாடி. டில்லி வெயிலில் அந்தக் கண்ணாடி, கேட்கவே வேண்டாம்!

ஜந்தர் மந்தருக்கு எதிரே இருக்கும் பாலிகா கேந்திரா, அதாவது புதுடில்லி நகராட்சி மன்றத்தின் தலைமையகம், வேறு ரகம். குல்தீப் சிங்கின் வரைவு, மகேந்திர ராஜின் பொறியியல். அடியில் அகன்று, மேலே வளைந்து குறுகும் வெறும் கான்கிரீட். என் ஓட்டு இதற்குத்தான்.