18,600 ரூபாய் போச்சு: மூணு சிலிண்டர் ஆம்னிக்கு நாலு ஓட்டை கேஸ்கட் போட்டோ காட்டி ஏமாத்திட்டாங்க

பழைய வேன் வெச்சிருக்கிறவங்க, இன்ஜின் சூடாகுதுன்னு வண்டியை எங்கேயாவது விடுறதுக்கு முன்னாடி தயவுசெய்து இதைப் படிங்க. 18,600 ரூபாய் வாங்கிட்டு ஒரு வேலையும் செய்யாம வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. கோளாறு இருந்தது 380 ரூபாய் சுவிட்ச்சில. நேத்து ராத்திரிதான் கண்டுபிடிச்சேன், இன்னும் கை நடுங்குது.

வண்டி 1999 மாடல் மாருதி ஆம்னி. கார்புரேட்டர், 796 சிசி, மூணு சிலிண்டர். பைபாஸ்ல 60ல போனா டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல ஏறவே ஏறாது. வேளச்சேரி விஜயநகர்ல சாயங்கால நெரிசல்ல பத்து நிமிஷம் ஊர்ந்தா கிடுகிடுன்னு சிவப்புக்குப் போயிடும், ரிசர்வ் டேங்க் கொதிச்சு வழியும். இந்த வித்தியாசத்துலயே பாதி விடை இருக்கு. ஓடுற வண்டிக்கு எதிர்க்காத்தே போதும், ரேடியேட்டர் ஆறிடும். நிக்கிற வண்டிக்கு ஃபேன்தான் காத்தை இழுக்கணும். அதனால நின்னா சூடு, ஓடினா சரின்னா முதல்ல ஃபேன் பக்கம் பாக்கணும். ஓடும்போதும் மேம்பாலம் ஏறும்போதும் சூடானாதான் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடேறின பிறகு மட்டும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட்னு போகணும். ஹெட் கேஸ்கட்ங்கிறது இன்ஜின் பிளாக்குக்கும் அதுமேல உக்காருற ஹெட்டுக்கும் நடுவுல வைக்கிற தகடு, சிலிண்டருக்கு ஒண்ணுன்னு பெரிய ஓட்டை இருக்கும்.

இது தெரிஞ்சும் எப்படி ஏமாந்தேன்னு கேப்பீங்க. ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துட்டுப் போய், அவங்களோட கூட்டு வெச்சிருக்கிற ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு சர்வீஸ். பேரு சொல்லல. அந்த ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர்கிட்ட ஃபேன் பத்தித்தான் முதல்ல கேட்டேன். "வாங்க சார், கண்ணால பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போய், ஃபேன் கனெக்டரைப் பிடுங்கி, ரெண்டு வயரை பேட்டரியில வெச்சார். ஃபேன் உர்ருன்னு சுத்துச்சு. காத்து முகத்துல அடிச்சது. "ஃபேன் பக்கா சார், இது ஹெட் கேஸ்கட்"ன்னார். அந்த ஒரு நிமிஷத்துல நம்பிட்டேன்.

பேட்டரியில நேரா கொடுத்தா மோட்டார் நல்லா இருக்குன்னு மட்டும்தான் தெரியும். சூடு ஏறினதும் அந்த மோட்டாருக்குக் கரண்ட் விடுறது தனியா ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச், ஃப்யூஸ், ரிலே எதையுமே அவர் தொடல. சரியான சோதனை இதுதான்: சாவியை ஆன்ல வெச்சு, ஃபேன் சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி, ரெண்டு வயர் இருந்தா ஒண்ணோட ஒண்ணு சேருங்க, ஒரே வயர்னா பாடியில தொடுங்க. ஃபேன் ஓடுச்சுன்னா மோட்டார், ஃப்யூஸ், ரிலே எல்லாம் சரி. அப்போ இன்ஜின் கொதிக்கிறப்பவும் ஃபேன் தானா ஓடலைன்னா சுவிட்ச் போயிடுச்சு. ரெண்டு நிமிஷ வேலை.

ஹெட் கேஸ்கட் போயிடுச்சுன்னு சொன்னவர் அதுக்கு ஒரு சோதனையும் காட்டல. "தண்ணி குறையுதுல்ல சார், அதான்." கொதிச்சு வழிஞ்சா குறையாம என்ன செய்யும்? கேஸ்கட் நிஜமாவே போயிருந்தா காலையில ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போதே தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணா வாய்க்கிட்ட விடாம குமிழி வரும். மூடி போட்டு வெச்சிருந்தா, தண்ணி சூடேறுறதுக்கு முன்னாடியே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும். ஆயில்ல தண்ணி கலந்தா டிப்ஸ்டிக்ல டீ கலர்ல வரும். இன்னும் உறுதியா வேணும்னா, ரேடியேட்டர் வாயில வெச்சுப் பாக்கிற நீல நிறச் சோதனைத் திரவம் இருக்கு, புகை கலந்தா மஞ்சளாகும். இதுல ஒண்ணுகூட என் வண்டியில இல்ல.

மறுநாள் வாட்ஸாப்ல ஒரு போட்டோ. எரிஞ்சு கறுத்த கேஸ்கட், பக்கத்துல ஒரு ஸ்பேனர். "பாருங்க சார் எப்படி இருக்குன்னு." வேலை அவசரத்துல சின்னத் திரையில பாத்துட்டு ஓகே சொல்லிட்டேன். 18,600 ரூபாய்க்கு பில்: கேஸ்கட் செட் 2,200, ஹெட் ஃபேஸிங் (ஹெட்டோட அடிப்பக்கத்தை மட்டமா இழைக்கிறது) 2,500, வாட்டர் பம்ப் 1,900, கூலன்ட் 4 லிட்டர் 1,600, ஆயிலும் ஃபில்டரும் 2,200, லேபர் 8,200. ஒரு பார்ட் நம்பர்கூட இல்ல. மதுரவாயல் பைபாஸ்ல ட்ரையல் ஓட்டிக் காட்டினாங்க, முள் கீழேயே கிடந்தது. பணம் கட்டிட்டேன்.

மூணாம் நாள் அதே விஜயநகர், அதே நெரிசல், அதே கொதி.

நேத்து சீட்டைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஹெட்டை இறக்கணும்னா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையாவது சைலன்சர் பைப்பையாவது கழற்றியே ஆகணும். நட்டு எல்லாத்துலயும் பழைய துரு அப்படியே, ஸ்பேனர் பட்ட ஒரு பளபளப்பு இல்ல. வாட்டர் பம்ப் பழசேதான், புல்லி துருப்பிடிச்சு இருக்கு. கூலன்ட்னு சொன்னதை வெள்ளைத் துணியில ஒரு சொட்டு விட்டேன், கலரே இல்ல. விரல்ல தேய்ச்சா வழவழப்பும் இல்ல. வெறும் போர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணியோட உப்பு ரேடியேட்டர் குழாய்ல படிஞ்சா, இல்லாத அடைப்பும் வந்துடும்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றினா உள்ள வால்வே இல்ல! பிடுங்கி எறிஞ்சிருக்காங்க. அதான் பைபாஸ்ல முள் ஏறல. வால்வு இல்லைன்னா தண்ணி எந்நேரமும் ரேடியேட்டர் வழியா சுத்திக்கிட்டே இருக்கும், ஓடுற வண்டி சில்லுனு இருக்கும், ட்ரையல் அருமையா வரும். நின்னா மறுபடியும் கொதிக்கும், ஏன்னா ஃபேன் ஓடலையே. சூடே ஏறாம ஓடுற இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், ஆயில் கெடும். இதை ரிப்பேர்னு சொல்லி யாராவது செஞ்சா அங்கேருந்து வண்டியை எடுத்துடுங்க.

அப்புறம் அந்த போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். கேஸ்கட்ல சிலிண்டர் ஓட்டை நாலு. என் இன்ஜினுக்கு மூணே மூணு சிலிண்டர். வேற எவரோ வண்டியோட கேஸ்கட்டைக் காட்டி 18,600 ரூபாய் வாங்கியிருக்காங்க.

ஒர்க்‌ஷாப்புக்கு போன் பண்ணா "சூப்பர்வைசர் லீவு சார்". மறுபடி பண்ணா "வாரண்டி பார்ட்ஸுக்குத்தான், லேபருக்கு இல்ல". பழைய பார்ட்ஸ் எங்கேன்னா "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு". நாலு ஓட்டையைப் பத்திக் கேட்டதும் லைன் கட். ஆப்ல கம்ப்ளைன்ட் போட்டா 48 மணி நேரம்னு மெசேஜ், அப்புறம் எனக்கு ஒரு போன்கூட வராம 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. திரும்பத் திறந்தா புதுப் பதில்: வண்டியைக் கொண்டு வாங்க, ஹெட்டையே மாத்தணுமா இருக்கும், எஸ்டிமேட் தர்றோம். 18,600 போதாதாம்!

இன்னிக்குக் காலையில சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் ஃபேன் சுவிட்ச் 380 ரூபாய்க்கு வாங்கினேன், கூடவே 82 டிகிரி தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி. தெர்மோஸ்டாட்டைப் போடுறதுக்கு முன்னாடி பாத்திரத்துத் தண்ணியில தொங்கவிட்டு அடுப்புல வெச்சு, திறக்குதான்னு பாத்துட்டுப் போடுங்க, புதுசுலயும் மக்கர் வரும். மூடியை அலட்சியமா விடாதீங்க. 0.9 பார் அழுத்தத்தை அது பிடிச்சு வெச்சாதான் தண்ணி 100 டிகிரியில கொதிக்காம கிட்டத்தட்ட 119 வரைக்கும் தாங்கும். ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க. கூலன்ட்டை பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்தி, மூடியைத் திறந்து வெச்சு ஐடில்ல விட்டு, கீழ் ஹோஸ் சுடுற வரைக்கும் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காத்தை வெளியேத்தினேன். கொஞ்ச நேரத்துல ஃபேன் தானா ஓடுச்சு, தானா நின்னுச்சு. முக்கால் மணி நேரம் ஐடில், முள் பாதியைத் தாண்டல.

முழுசா ஒரு செக்லிஸ்ட் எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்போ முடியல. 1915ல (தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்) புகார் பதிய பில், போட்டோ எல்லாம் எடுத்து வைக்கணும். அவசரமா சிலது மட்டும்:

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. கொதிச்ச இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, அலுமினிய ஹெட் விரிசல் விடும்.

வண்டியை விடும்போதே பழைய பார்ட்ஸ் கைக்கு வரணும்னு எழுதி வாங்குங்க. ஹெட் இறக்கணும்னா இறக்கின பிறகு நேர்ல போய்ப் பாருங்க.

ட்ரையலை பைபாஸ்ல ஒத்துக்காதீங்க, சிக்னல்ல நிறுத்தி ஓட்டச் சொல்லுங்க.

கேஸ்கட் போட்டோ வந்தா ஓட்டையை எண்ணுங்க.