உழவன் செயலியா, வட்டார அலுவலகமா?

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மேட்டில் முந்திரி, நடுவில் மல்லாட்டை (நிலக்கடலை), பள்ளத்தில் சம்பா நெல். மூன்றுக்கும் அரசு உதவி உண்டு, ஆனால் ஒரே வாசலில் கிடைக்காது. எந்த வாசலில் தொடங்குவது என்பதுதான் எங்கள் ஊரில் பலருக்கும் குழப்பம்.

2018-ல் வந்த தமிழக அரசின் உழவன் செயலி, என்ன திட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. மானிய விவரம், விதை, உர இருப்பு, ஊருக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மானியத்துக்கு முன்பதிவும் செய்யலாம். ஆனால் நம் வட்டாரத்துக்கு இந்த வருஷம் ஒதுக்கியதில் மிச்சம் இருக்கிறதா என்பது நேரில் கேட்டால்தான் தெரிகிறது.

அதனால் நான் அலுவலகத்தின் பக்கம்தான். ஆனால் எந்த அலுவலகம்? நெல், மல்லாட்டை, உளுந்து என்றால் வேளாண்மை விரிவாக்க மையம். முந்திரி, பலா, காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை. பவர் டில்லர் மானியமோ வாடகை இயந்திரமோ வேண்டுமென்றால் வேளாண் பொறியியல் துறை. முந்திரிக் கன்றுக்குச் சொட்டுநீர் கேட்டு விரிவாக்க மையத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் தோட்டக்கலைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனதும் முதல் கேள்வி, ‘பட்டா யார் பெயரில்?’ தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா. பெயர் மாற்றி வரும்வரை எதுவும் நகரவில்லை. செயலியில் பதிந்திருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருக்கும். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று இல்லாவிட்டால் அந்த 25 சதவீதம் நம் கையிலிருந்துதான் போகும். எனவே பட்டா, சிட்டா (நில விவரப் பதிவு), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), சான்று எல்லாம் சேர்ந்த பிறகு போங்கள்.

கடனுக்கு இந்த அலுவலகங்கள் எதுவும் வேண்டாம், நேராகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். தவணை தவறாமல் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. தனியார் நிதியில் நகையை வைப்பதற்கு முன் இங்கே ஒருமுறை கேளுங்கள்.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் நிலை வேறு. வருஷம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டம், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, கூட்டுறவுச் சங்கத்திலோ பொது சேவை மையத்திலோ பதியலாம். சம்பா நெல்லுக்குப் பிரீமியத்தில் நம் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், நமக்கு மழை கொட்டும் நேரம். கடைசி நாளில் மையத்தில் நிற்க இடம் இருக்காது, இணையமும் இழுக்கும். நட்டு முடித்த வாரத்திலேயே அடங்கலுக்குப் போய்விடுங்கள்.