எம்.ஏ. சேருமுன்: அரசியல் அறிவியலா, சர்வதேச உறவுகளா, வட்டார ஆய்வா?

தூதரக வேலைக் கனவோடுதான் பலர் சர்வதேச உறவுகள் படிப்பைத் தேடி வருகிறார்கள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி ஆக இந்தப் பட்டம் தேவையே இல்லை. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வெழுத ஏதாவதொரு இளங்கலைப் பட்டம் போதும். எனவே இந்த மூன்றையும் எடைபோட வேறு அளவுகோல் வேண்டும்.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். அரசியல் அறிவியல் வகுப்பில் பேச்சு இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், மாகாண சபைகள், ஒற்றையாட்சிக்குள் அதிகாரப் பகிர்வு என்று போகும். சர்வதேச உறவுகள் வகுப்போ, ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் அன்று பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பிரிக்கும். இந்திய நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டு ராணுவமும் பயன்படுத்தக் கூடாது; அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும்; அந்நிய ஒலிபரப்பு வசதிகள் மறுபரிசீலிக்கப்படும். பனிப்போர்க் காலத்தில் ஒரு சிறிய நாடு எவ்வளவு தூரம் தன் விருப்பப்படி நடக்க முடிந்தது என்பதே அங்கே கேள்வி. ஒரு நிலப்பகுதியை அதன் மொழி, சமூகத்தோடு சேர்த்துப் படிக்கும் வட்டார ஆய்வில், ஒப்பந்தத்துக்கு எதிராக நின்ற சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் எதிர்ப்பு எந்த ஊர்களில், எந்தச் சொற்களில் கிளம்பியது என்று தோண்ட வேண்டும். சிங்களம் தெரியாமல் இறங்கினால் ஆங்கில நாளிதழ்ச் செய்திகளைத் திருப்பி எழுதுவதாகத்தான் ஆய்வேடு முடியும். மொழி கற்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பதே நல்லது.

யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடப் பட்டியலில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்து ஒரே பாடம். 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள். சர்வதேச உறவுகள் படித்தவருக்கு இரண்டாம் தாள் கைகொடுக்கும். முதல் தாளில் பிளேட்டோ முதல் ஹன்னா அரெண்ட் வரையிலான சிந்தனையாளர்களையும் இந்திய அரசியலையும் தனியாக உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கு இன்னும் கவனம் தேவை. கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான நெட்டில் அரசியல் அறிவியல் ஒரு பாடம், சர்வதேச மற்றும் வட்டார ஆய்வுகள் வேறு பாடம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் இருப்பது அரசியல் அறிவியல் துறைதான். பணி விளம்பரத்தில் ‘அதற்கு இணையான பட்டம்’ என்றிருந்தால், உங்கள் பட்டம் இணையானது என்று நிரூபிக்கும் அலைச்சல் உங்களுடையது. சான்றிதழில் அச்சாகப்போகும் பட்டப் பெயரைச் சேருமுன்னே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வகையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ‘அரசியல் மற்றும் சர்வதேச உறவுகள்’ எம்.ஏ. இரண்டு பக்கமும் கால் வைக்க உதவும். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் டெல்லி ஜே.என்.யு.வுக்கே எங்கள் ஓட்டு. அதன் சர்வதேச ஆய்வுகள் புலம் 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது; மேற்காசியா, தென்னாசியா எனப் பகுதிவாரியாக ஆய்வு மையங்களும் அங்கே உண்டு.

இரண்டுக்கும் நுழைவு, முதுகலைப் படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட்-பி.ஜி. வழியாக. ஒவ்வொரு படிப்புக்கும் எந்தத் தாளை எழுத வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே குறிப்பிடும். தாள் குறியீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டால் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் படிப்பின் தரவரிசையில் பெயர் வராது.