மூன்று ஆண்டுகள் ஏப்ரன் பையில் இருந்த மருந்து அட்டைகள்: ஒரு செவிலிய மாணவியின் பயன்பாட்டு அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாவது செமஸ்டரில் மருந்தியல் பாடம் தொடங்கிய வாரத்தில், உள்ளங்கையில் அடங்கும் கெட்டி அட்டைகள் நூறு வாங்கி, மூலையில் துளையிட்டு, ஓர் இரும்பு வளையத்தில் கோத்துக்கொண்டேன். எட்டாவது செமஸ்டர் முடியும் வரை, அதாவது முழுதாக மூன்று ஆண்டுகள், அந்தக் கட்டு என் ஏப்ரன் பையில் இருந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 180 அட்டைகளுக்கு மேல் சேர்ந்திருந்தன. கையால் எழுதிய அட்டைகளை வைத்து மருந்தியல் படிக்கலாமா என்று ஜூனியர் மாணவிகள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதங்களில் எழுதியவை பெரும்பாலும் வீண். பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே சுருக்கி, மருந்தின் வகை, செயல்படும் விதம், அளவு, பக்க விளைவுகள் என்று வரிசையாக எழுதினேன். தேர்வுக்கு அது போதுமானதாகவே இருந்தது. வார்டில் அது போதவில்லை என்பது, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசியின்போது தெரிந்தது. அந்த மருந்து சிறுநீரகத்தில் எந்த இடத்தில் சோடியம் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது; ஆனால், “போடுறதுக்கு முன்னாடி பி.பி. பாத்தியாம்மா? பொட்டாசியம் ரிப்போர்ட் வந்துச்சா?” என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இந்த ஊசியால் இரண்டுமே குறையலாம்; அவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அந்தக் காரணம் என் அட்டையிலேயே பக்க விளைவுகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதைச் செய்ய வேண்டிய வேலையாக நான் படித்திருக்கவில்லை.

அன்று இரவே விடுதியில் அமர்ந்து அட்டையின் அமைப்பை மாற்றினேன். முன்பக்கத்தில் மருந்தின் பெயருக்குக் கீழே ‘கொடுக்கும் முன்’, ‘கொடுத்த பின்’ என்று இரண்டே தலைப்புகள். இதய மருந்தான டிகாக்சின் என்றால், ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து ஒரு நிமிடம் முழுதாக இதயத் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது முன். குமட்டல், பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் ஆகியவற்றைக் கேட்டறிவது பின். பிரசவ வார்டு போஸ்டிங்கில் இந்த அமைப்பின் முழுப் பயனை உணர்ந்தேன். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் தொடர்ந்து கொடுக்கும்போது, ஒவ்வொரு வேளைக்கும் முன்னதாக முழங்கால் அனிச்சை (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் படுக்கைக்கு அருகிலேயே தயாராக இருக்க வேண்டும். இந்த நான்கு வரிகளை அந்த ஒரே அட்டையிலிருந்து எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. மருந்து உடலில் மிஞ்சும்போது அனிச்சை முதலில் மறைகிறது, மூச்சு அதற்குப் பிறகே தளர்கிறது என்ற வரிசையைப் புரிந்துகொண்ட பிறகு, அந்தச் சின்ன ரப்பர் சுத்தியலை எடுத்துச் செல்ல நான் ஒரு நாளும் மறந்ததில்லை. மருந்து செயல்படும் விதத்தைப் படிப்பது வீண் என்று சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது மனத்தில் தங்குகிறது.

பின்பக்கத்தை முழுக்கத் தமிழில் எழுதினேன். நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அங்கே இருக்கும். நாங்கள் ஆங்கிலத்தில் படிக்கிறோம். கேட்பவரோ வயல் வேலையிலிருந்து நேராக வந்து படுத்தவர். “இந்தக் காசநோய் மாத்திரை போட்டா ஒண்ணுக்கு செவப்பாப் போகும், அது ரத்தம் இல்லீங்க ஐயா, மாத்திரையோட நெறம்தான்” என்று ரிஃபாம்பிசின் அட்டையில் பேச்சு வழக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு மலம் கறுப்பாகப் போவது, அதை டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது போன்றவையும் அப்படித்தான். மூன்று ஆண்டுகளில் என் அட்டைகளில் மிக அதிகமாக அழுக்கேறியது இந்தப் பின்பக்கம்தான்.

இனி இதன் குறையைச் சொல்ல வேண்டும். அது சிறிய குறை அன்று.

மூன்றாம் ஆண்டில், ஒரு பொது மருத்துவ வார்டில், மதிய உணவுக்கு முன் ஒரு பாட்டிக்கு 16 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. அவருடைய மகன் சீட்டின்படி வெளியே வாங்கி வந்திருந்த வயல் (ஊசி மருந்துக் குப்பி) அது. என் இன்சுலின் அட்டையில் ‘1 மி.லி. = 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச்’ என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன்; வார்டில் அதுவரை நான் கண்ட வயல்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 என்ற கோடு வரை இழுத்து, குமிழி இல்லாமல் தட்டிச் சரிசெய்து, இரண்டாவது சரிபார்ப்புக்காக ஸ்டாஃப் சிஸ்டரிடம் நீட்டினேன். அவர் சிரிஞ்சைப் பார்க்கவில்லை. வயலைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, “இதைப் படி” என்றார். 1 மி.லி.யில் 100 யூனிட் என்று அச்சிடப்பட்டிருந்தது. நான் இழுத்திருந்தது 0.4 மி.லி.; அதில் இருந்தது 40 யூனிட். சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்கப் போதுமான அளவு. 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் என்பது வகுப்பில் கற்றதுதான். ஆனாலும் என் கண் லேபிளைப் படிக்கவில்லை, நானே எழுதிய அட்டையை மனத்துக்குள் படித்தது. ஊசி உள்ளே போகவில்லை, பாட்டிக்கு எதுவும் ஆகவில்லை. என்றாலும் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு எல்லா அட்டைகளிலும் இருந்த செறிவு எண்களை, அதாவது 1 மி.லி.யில் எவ்வளவு மருந்து என்பதை, சிவப்பு மையால் அடித்து, அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்தேன். மருந்தைக் கையில் எடுத்த பிறகு, லேபிளைப் பார்த்துப் பென்சிலால் நிரப்ப வேண்டிய கட்டம் அது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன். குழந்தைகள் வார்டில் இதன் அருமை தெரிந்தது. பாரசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் வரும், சொட்டு மருந்தோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. என்றால், பாட்டிலைப் பொறுத்து அது 6 மி.லி., 3 மி.லி., 1.5 மி.லி. என்று மாறுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் வயலும் 1 மி.லி.யில் 1000 யூனிட், 5000 யூனிட் என்று இரண்டு விதமாக வருகிறது. பொட்டாசியம் குளோரைடு அட்டையில் மட்டும் எண்களே இல்லாமல், ‘நீர்க்கச் செய்து, மெதுவாக மட்டும், நேராகச் சிரையில் ஒருபோதும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும்.

அட்டையால் கற்றுத்தர முடியாத ஒன்றும் உண்டு: சரியான நோயாளி. ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் இருப்பது நம் ஊரில் அன்றாட நிகழ்வு. “நீங்கதானே லட்சுமி?” என்று கேட்டால், காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேரு என்ன பாட்டி? வீட்டுக்காரர் பேரு?” என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் உள்ள உள்நோயாளி எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மருந்து கைமாற வேண்டும். இதை நான் சீனியர் அக்காக்களின் பின்னால் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்துதான் கற்றேன்.

சில்லறைக் குறைகளும் உள்ளன. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அனுப்பும் மருந்துகளில் மூலப்பெயர் தெளிவாக இருப்பதால் அரசு மருத்துவமனையில் அட்டைகள் எளிதாகப் பொருந்தின. தனியார் மருத்துவமனை போஸ்டிங்கில் வணிகப் பெயர்களுக்கு நடுவே முதல் பத்து நாள் திணறினேன். காகிதம் படுக்கைக்குப் படுக்கை பயணிப்பது தொற்றுக்கு நல்லதல்ல என்பதால், அதிகம் பயன்படும் அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, அதன் மேலேயே எழுதி அழித்து, ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். கைப்பேசிச் செயலிகள் விரைவானவை, புதிய தகவலும் தருபவை. ஆனால் மாணவிகள் வார்டுக்குள் கைப்பேசி எடுத்துச் செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. தவிர, கையால் எழுதும்போது பதிவது போல அதில் எனக்குப் பதியவில்லை.

படிப்பு முடிந்து பணியில் சேர்ந்த பிறகு பெரும்பாலான அட்டைகளை விடுதியில் இருக்கும் ஒரு தங்கையிடம் கொடுத்துவிட்டேன், வேறொருவர் எழுதியதை நம்பாமல் தன் கையால் மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், டிகாக்சின் ஆகிய ஐந்தும் இன்னும் என் பையில் இருக்கின்றன. இன்சுலின் அட்டையில் அடித்த ‘40’ என்ற எண், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இப்போதும் படிக்கத் தெரிகிறது. அதன் பக்கத்துக் கட்டம் வெற்றாக இருக்கிறது.