பழைய ஐரிஷ் ரயில் நிலையத்தை மாடலாகக் கட்ட: நில வரைபடமா, சிக்னல் படமா, புகைப்படமா?

அயர்லாந்தின் கால்வே கவுண்டியில் லாக்ரே என்றொரு சிற்றூர். அட்டிமன் சந்திப்பிலிருந்து அங்கே ஒன்பது மைல் கிளைப்பாதை ஓடியது. நடுவில் டன்சாண்டல் என்று ஒரே ஒரு நிறுத்தம். 1890 டிசம்பரில் திறந்தார்கள், 1975 நவம்பரில் மூடினார்கள். நாட்டின் மற்ற குட்டிக் கிளைப்பாதைகள் ஒவ்வொன்றாகப் போய்ச்சேர்ந்த பிறகும் இது தாக்குப்பிடித்தது. அதனாலேயே மாடல் கட்டுகிறவர்களுக்கு இதன்மேல் ஒரு கண். எனக்கும்தான்.

இஞ்சினையும் பெட்டிகளையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தண்டவாளம் எப்படி ஓடியது என்பதை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. எத்தனை லைன், எது எதோடு சேர்ந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுவதற்கு மூன்று இடம் உண்டு: 25 அங்குல நில வரைபடம், சிக்னல் கேபினில் மாட்டியிருந்த படம், பழைய புகைப்படங்கள். மூன்றையும் முயன்று பார்த்துவிட்டு நான் வரைபடத்தின் பக்கம் சாய்ந்தவன். ஆகவே கீழே வருவது நடுநிலைத் தீர்ப்பு அல்ல.

புகைப்படத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அயர்லாந்து தேசிய நூலகத்தில் இதற்கென்றே செய்ததுபோல் மூன்று தொகுப்புகள் இருக்கின்றன. முதல் உலகப்போருக்கு முந்தைய காலத்துக்கு லாரன்ஸ் தொகுப்பு. ஏறத்தாழ 40,000 கண்ணாடித் தகடுகள். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரைக்கும் ஓடே என்பவர் எடுத்த ரயில் படங்கள். அப்புறம் 1950களில் விமானத்திலிருந்து மார்கன் எடுத்தவை. பார்க்கப் பார்க்க ஆசை தீராது. ஆனால் படம் எடுத்தவர்களுக்கு இஞ்சின்மேல்தான் கண், தண்டவாளத்தின்மேல் இல்லை. பிளாட்பாரத்தின் விளிம்பு பாதி லைனை மறைத்திருக்கும், மீதியைப் புகை மறைத்திருக்கும். அந்த சைடிங் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்க லைன்) அந்த ஆண்டில் இருந்ததா என்று கேட்டால் படம் பதில் சொல்லும். எவ்வளவு நீளம் என்று கேட்டால் மௌனம்.

சிக்னல் படம் வேறு ரகம். கேபினில் நெம்புகோல் வரிசைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். எந்தப் பாயிண்ட்டுக்கு (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் இடம்) எந்த நெம்புகோல், எந்த சிக்னலுக்கு எந்த எண் என்று அதில் பிழையே இருக்காது, இருக்கவும் கூடாது. 1889 ஜூனில் அர்மாவில் உல்லாசப் பயண ரயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்தபோது பின்பாதி கழன்று சரிவில் ஓடி, பின்னால் வந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், பயணிகள் போகும் பாதையில் பாயிண்ட்டும் சிக்னலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அந்தப் பூட்டின் முகப்புதான் இந்தப் படம். இந்த லைனிலிருந்து அந்த லைனுக்கு நேரே போக முடியுமா, முன்னே போய்ப் பின்னே வர வேண்டுமா என்பதைச் சொல்ல இதற்கு ஈடு கிடையாது. கூட்ஸ் யார்டின் உள்ளே கையால் தள்ளும் பாயிண்ட்டுகளுக்கு நெம்புகோல் எண் இருக்காது, சில சமயம் படத்தில் இடமும் இருக்காது. கிடைப்பதுதான் கொஞ்சம் அலைச்சல். 1946-ல் தொடங்கிய ஐரிஷ் ரயில்வே ரெக்கார்ட் சொசைட்டி போன்ற இடங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் திரையில் வந்து விழாது.

நான் முதலில் ஏமாந்தது இந்தப் படத்தை நம்பித்தான். லாக்ரேவுக்கு முன்னால் வேறொரு குட்டி முனையத்தைக் கட்ட ஆசைப்பட்டேன். சிக்னல் படத்தின் நகல் கைக்கு வந்த உற்சாகத்தில், அதில் பார்த்த விகிதத்தை அப்படியே பலகையில் கோடாக இழுத்தேன். இஞ்சின் பெட்டிகளைச் சுற்றி மறுமுனைக்கு வர உதவும் இணை லைனான லூப்புக்கு, இரு முனைப் பாயிண்ட்டுகளையும் கழித்துவிட்டால், 40 சென்டிமீட்டர் மிஞ்சியது. தண்டவாளத்தை ஒட்டி, ஜல்லி தூவி, பசை காயும்வரை காத்திருந்து ரயிலை உள்ளே விட்டேன். 60 அடிப் பெட்டி ஒன்று 4 மில்லிமீட்டர் அளவையில் (நிஜத்தில் ஒரு அடி, மாடலில் 4 மில்லிமீட்டர்) 24 சென்டிமீட்டர். இரண்டு பெட்டி 48. இஞ்சினைக் கழற்றி லூப் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவரப் பார்த்தால், கடைசிப் பெட்டி பாயிண்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பெட்டி ரயிலைத் திருப்ப முடியாத முனையம்!

குற்றம் படத்தின்மேல் இல்லை. சிக்னல் படம் அளவுக்கு வரைவதல்ல, சட்டத்துக்குள் அடங்குவதற்கு வரைவது. 20 மீட்டர் சைடிங்கும் 120 மீட்டர் லூப்பும் அதில் ஒரே நீளத்தில் இருக்கலாம். வேலை செய்கிறவருக்கு வரிசை தெரிந்தால் போதும், தூரம் அவர் கண்ணெதிரே ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது. நமக்குத்தான் அந்த ஜன்னல் இல்லை.

அதே நிலையத்தை 25 அங்குல வரைபடத்தில் பார்த்தபோது லூப் சுமார் 5 சென்டிமீட்டர் இருந்தது. இந்த வரைபடம் 1:2500. ஒரு மைல் தரை தாளில் ஏறக்குறைய 25 அங்குலம் வரும், பெயரும் அதனால்தான். 5 சென்டிமீட்டர் என்றால் தரையில் 125 மீட்டர். 4 மில்லிமீட்டர் மாடலின் விகிதம் 1:76.2. வகுத்தால் 1 மீட்டர் 64 சென்டிமீட்டர். நான் ஒதுக்கியதோ அதில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

வரைபடத்தை மாடல் அளவுக்குப் பெரிதாக்க 32.8 மடங்கு வேண்டும். தாளில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் பலகையில் மூன்றே கால் சென்டிமீட்டர் தப்பும். பெரிய பிழைபோலத் தெரியலாம். ஆனால் எவ்வளவு தப்பும் என்று முன்கூட்டியே தெரிகிற பிழை அது. சிக்னல் படத்தின் பிழைக்கு எல்லையே இல்லை. வளைவும் அப்படித்தான். பிளாட்பாரம் லேசாக வளைந்திருந்தால் வரைபடம் காட்டிக்கொடுக்கும், சிக்னல் படத்தில் எல்லாமே நேர்க்கோடு.

தண்டவாளத்தைத் தவிர மற்றதும் அதில் கிடைக்கும். கூட்ஸ் ஷெட்டின் சுவர், வண்டிப்பாதை, வட்டமாக, இஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள். மைல் கல், எடைமேடை ஆகியவற்றுக்குச் சுருக்கெழுத்து. சிக்னல் கம்பத்துக்கும் எஸ்.பி., சிக்னல் கேபினுக்கும் எஸ்.பி.! தமிழில் எழுதும்போது வரும் குழப்பம் இது, ஆங்கில எழுத்தில் முன்னது S.P., பின்னது S.B. நான் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்க விழித்தேன்.

ஒன்றை மட்டும் அதில் அளக்காதீர்கள்: தண்டவாள அகலம். ஐரிஷ் பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மில்லிமீட்டர். 1846-ல் சட்டம் போட்டு நிலைநிறுத்தினார்கள். நம் ஊர் அகலப்பாதையைவிடக் குறுகல், பிரிட்டனுடையதைவிட அகலம். தாளில் அது 0.64 மில்லிமீட்டர், கோட்டின் தடிப்பே பாதியைத் தின்றுவிடும். 4 மில்லிமீட்டர் அளவையில் சரியாக 21 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. நான் கடைத் தண்டவாளத்தோடு சமாதானமாகிவிட்டேன். 21 மில்லிமீட்டரில் கையால் கட்டிய அனுபவம் எனக்கு இல்லை, அதைப் பற்றிப் பேசத் தகுதியும் இல்லை.

திரையில் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கும்போது 1:2500 என்பதற்குப் பொருளே போய்விடும். தெரிந்த நீளம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கூட்ஸ் ஷெட் இன்றும் நின்றால் செயற்கைக்கோள் படத்தில் அதன் நீளத்தை அளந்து ஒப்பிடலாம். அடுத்தடுத்த இரண்டு கால் மைல் குறிகள் வரைபடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தூரம் 402 மீட்டர், மாடலில் 5.28 மீட்டர்.

வரைபடத்தின் உண்மையான பலவீனம் வயது. 25 அங்குல அளவை நடந்தது 1888-லிருந்து 1913 வரை. நிலத்தை அளந்த பிறகு பாதை வந்திருந்தால் நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் வயல்தான் இருக்கும். ஆகவே தாளின் ஓரத்தில் ஆண்டைப் பார்க்காமல் கோடு இழுக்காதீர்கள். அதற்கு முந்தைய ஆறு அங்குல முதல் பதிப்பைத் திறக்கவே வேண்டாம். அது 1830களின் வேலை. நாட்டின் முதல் ரயிலே 1834-ல்தான் ஓடியது. எனக்கோ வேண்டியது 1960களின் லாக்ரே, டாய்ட்ஸ் நிறுவனம் செய்த ஜி வகைக் குட்டி டீசல் இஞ்சின் ஓடிய காலம். நடுவில் அறுபது எழுபது ஆண்டு. அதற்குள் சைடிங்கைப் பிடுங்கியிருப்பார்கள், புதிதாக ஒன்றைப் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் மற்ற இரண்டுக்கும் வேலை. வரைபடத்திலிருந்து எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டேன். புகைப்படத்தில் இல்லாத லைனை அழித்தேன். சந்தேகமான பாயிண்ட்டுகளுக்குச் சிக்னல் படம் கேட்டுப் பார்க்கிறேன். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். மூன்றடி அகலக் குறுகிய பாதைகளுக்கு, அதாவது டோனகல், மேற்கு கிளேர் போன்றவற்றுக்கு, இதே வரிசை ஒத்துவருமா என்று நான் முயன்று பார்க்கவில்லை. வடக்கு அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்டில் உள்ள பொது ஆவணக் காப்பகத்தின் வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றைத் திரையில் புரட்டியதோடு சரி, எதையும் கட்டியதில்லை.

அச்செடுத்த தாள்களை ஒட்டித் தரையில் விரித்தபோது லாக்ரே என் அறைக்கு உள்ளே அடங்கவில்லை, கதவைத் தாண்டி வெளியே போனது. எங்கே வெட்டுவது? இந்தத் தடவை லூப்பில் கை வைக்கவில்லை. பிளாட்பாரம் முடிந்து அட்டிமன் பக்கம் போகும் நேர்ப்பாதையில் ஒன்றே முக்கால் மீட்டரைக் கத்தரித்தேன். கதவை இப்போது மூட முடிகிறது.