அமராவதி ஆற்று ஓநாய்க் காசு: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நாணயக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் கவனமாக இருங்கள். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி ஒரு வியாபாரி எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் ஆளுக்கொரு ரோமானிய வெண்கலக் காசு விற்றார். இரண்டும் போலி.

அந்த ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பது உண்மை. அதைத்தான் அவர் முதலாக்கிக்கொண்டார். காசின் ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த முகம், மறுபக்கம் இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரங்கள். "ஜூலியஸ் சீசர் சார், ரெண்டாயிரம் வருஷம்" என்றார். அது சீசரே இல்லை. ரோம் நகரத்தையே பெண்ணாக வடித்த முகம். சுற்றிலும் 'உர்ப்ஸ் ரோமா' (ரோம் நகரம்) என்று லத்தீனில் இருக்கும். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330இல் தன் புதிய தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைத் தொடங்கிவைத்த காலத்தில், பழைய நகருக்கு ஒன்று, புதிய நகருக்கு ஒன்று என இரண்டு வகைக் காசுகள் வந்தன. புதிய நகரின் காசில் கப்பல் முனையில் வெற்றித் தேவதை நிற்பாள். பழையதில், ரோமை நிறுவியதாகப் பழங்கதை சொல்லும் இரட்டையர் ரோமுலஸ், ரீமஸ், அவர்களுக்குப் பாலூட்டிய ஓநாய். இப்படி ஒரு காசைச் சீசர் தலையில் கட்டி விற்கிறார்களே என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது.

வீட்டில் இரண்டையும் லென்ஸில் பார்த்தோம். விளிம்பில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வெடிப்பு. இடது நட்சத்திரத்தின் மேல் ஒரே பள்ளம். அசல் காசுகளை ஒவ்வொன்றாகச் சம்மட்டியால் அடித்து அச்சிட்டார்கள். ஒரே அச்சில் அடித்தாலும் விளிம்பு ஒன்றுபோல வெடிக்காது. இவை ஒரே காசிலிருந்து வார்த்து எடுத்த நகல்கள். பரப்பில் பொடிப்பொடிக் குமிழித் துளைகள், விளிம்பில் அரம் போட்ட தடம். அசிட்டோனில் போட்டதும் பச்சைக் களிம்பு சாயமாகக் கரைந்தது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "இது மலிவான காசு, இதை யார் சார் போலி செய்வாங்க?" என்றார். இந்த வகை அசலிலேயே நிறையக் கிடைப்பதுதான். ஆனால் அமராவதி என்று சொன்னதும் விலை ஏறுகிறதே! ரசீதும் தரவில்லை. உண்மையாகவே ஆற்றில் எடுத்திருந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் தட்டில் இதே காசு இன்னும் இருந்தது. ஓநாய்க்கு மேலே இடது நட்சத்திரத்தில் பள்ளம், அதற்கு நேர் மேலே விளிம்பில் வெடிப்பு. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் வாங்காதீர்கள்.