இஎஸ்லிண்ட் கேஷ்: வேகத்தில் குறையில்லை, குணத்தில்தான்

ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தவறு தேடும் கருவியான இஎஸ்லிண்ட்டில் கேஷ் ஆப்ஷன் (முந்தைய ரன்னின் முடிவுகளைச் சேமித்து வைப்பது) போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். தாராளமாகப் போடலாம். மாறாத ஃபைல்களைத் தொடாமலே தாண்டிவிடும். பெரிய ரெப்போவில் (ப்ராஜெக்ட்டின் கோட் தொகுப்பில்) இரண்டாவது ரன் பறக்கும்.

எரிச்சல் வேறு இடத்தில். கேஷ் ஆப்ஷன் இல்லாமல் ஒருமுறை வெறுமனே ஓட்டினால் போதும், முடிவுகளைச் சேமித்த .இஎஸ்லிண்ட்கேஷ் ஃபைலை அதுவே அழித்துவிடும். ஒற்றை ஃபைலைச் சோதிக்க டெர்மினலில் கமாண்ட் அடித்தாலும் இதே கதி. ஒரு வரி மெசேஜ் கூட வராது. அடுத்த ரன் முதலிலிருந்து! பழைய முடிவுகள் செல்லாமல் போயிருக்கலாம், அதனால் அழிக்கிறோம் என்று ஆவணத்தில் காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் அழிப்பதா?

தப்பிக்க, கேஷ்-லொகேஷனில் வேறு இடம் கொடுங்கள்: நோட்_மாட்யூல்ஸ்/.கேஷ்/இஎஸ்லிண்ட்/. வெறும் ரன் அங்கே கைவைக்காது. கடைசி சாய்கோடு முக்கியம். ஃபோல்டர் இன்னும் உருவாகாதபோது அந்தச் சாய்கோட்டைப் போடாவிட்டால் அந்தப் பெயரில் ஃபைலாக எழுதிவிடும்.

சிஐயில் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வரில்) கேஷை மீட்டெடுத்தும் வேகம் கூடவில்லையா? இயல்பாக இஎஸ்லிண்ட் பார்ப்பது ஃபைலின் மாற்ற நேரத்தையும் அளவையும். கிட் ஃபைல்களைப் புதிதாக எடுத்து வைத்ததும் (செக்அவுட்) எல்லா ஃபைலுக்கும் நேரம் புதிது. கேஷ்-ஸ்ட்ராடஜியை 'கன்டென்ட்' ஆக்குங்கள், நேரத்துக்குப் பதில் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்க்கும்; 7.21 பதிப்பிலிருந்து உண்டு.

டைப்ஸ்கிரிப்ட்காரர்களுக்கு (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு) இதைவிடப் பெரிய வம்பு. ஏ.டிஎஸ்-இல் உள்ள சேவ் ஃபங்ஷனை அசிங்க் (முடிவைப் பிறகு தரும் வகை) ஆக்குகிறீர்கள். பி.டிஎஸ் அதை அவெய்ட் (முடிவுக்குக் காத்திருக்கச் சொல்வது) இல்லாமல் அழைக்கிறது. இப்படிக் காத்திருக்காமல் விட்டதைப் பிடிக்கும் நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ் ரூல் அங்கே கத்தியிருக்க வேண்டும். பி.டிஎஸ் மாறவில்லையே, அதனால் பழைய 'சுத்தம்' முடிவே வரும். கேஷ் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. இன்னொரு ஃபைலின் டைப்பை நம்பியிருக்கும் ரூல் அதற்குத் தெரியாது. இம்போர்ட்டுகளைச் சோதிக்கும் ரூல்களுக்கும் இதே பிரச்சினை.

முதலில் தாராளமாகப் போடலாம் என்றுவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான்: கேஷை உங்கள் மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள், டைப் பார்க்கும் ரூல்கள் இருந்தால் சிஐயில் கழற்றிவிடுங்கள். நேரம் உறுத்தினால் டைமிங்=1 என்று என்விரான்மென்ட் வேரியபிள் வைத்து, கேஷ் இல்லாமல் ஓட்டுங்கள். மெதுவான ரூல்களின் பட்டியல் வரும். ஃபைல்கள் வட்டமாக ஒன்றையொன்று இம்போர்ட் செய்வதைத் தேடும் இம்போர்ட்/நோ-சைக்கிள் ரூல் தலையில் நின்றால் கை வைக்க வேண்டியது அதன் மேல்.